பேரப்பிள்ளைகளுடன் முதல் கப்பல் பயணம்: மூத்தோர் செய்துகொள்ள வேண்டிய ஆயத்தங்கள்

பள்ளி விடுமுறை நெருங்குகிறது. மகனோ மகளோ ஒருநாள் கைத்தொலைபேசியைக் காட்டி, "அம்மா, டிக்கெட் போட்டாச்சு. இந்தத் தடவை எல்லாரும் கப்பல்ல போறோம்," என்கிறார். மூன்று இரவு, நான்கு நாள். மரினா பே உல்லாசக் கப்பல் நிலையத்தில் ஏறி, பினாங்கு, போர்ட் கிளாங் அல்லது புக்கெட் சென்று திரும்பும் பயணம். பேரப்பிள்ளைகள் அன்றைக்கே நாள் எண்ணத் தொடங்கிவிடுவார்கள்.

மூத்தோருக்குக் கப்பல் பயணம் உண்மையிலேயே வசதியானது. ஒவ்வொரு நாளும் பெட்டியைக் கட்டி விடுதி மாற வேண்டியதில்லை. மின்தூக்கி உண்டு, உட்கார இடம் உண்டு, களைப்பாக இருந்தால் சில நிமிடங்களில் அறைக்குத் திரும்பிப் படுத்துக்கொள்ளலாம். இளையவர்கள் நீச்சல் குளத்திலும் விளையாட்டுத் தளத்திலும் இருக்கும்போது நீங்கள் கடலைப் பார்த்தபடி தேநீர் அருந்தலாம். ஆனால் நிலத்தில் செல்லும் பயணத்துக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அதை முன்கூட்டியே புரிந்துகொண்டால் மற்ற ஆயத்தங்கள் எளிதாகிவிடும்.

கப்பலில் இருப்பது மருத்துவ அறை, மருத்துவமனை அன்று

வீட்டில் நெஞ்சு வலித்தால் 995ஐ அழைக்கிறோம். அவசர மருத்துவ வாகனம் வந்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறது. நடுக்கடலில் அது முடியாது. பெரிய உல்லாசக் கப்பல்களில் மருத்துவரும் தாதியரும் உள்ள மருத்துவ அறை இருக்கும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சிறு காயங்கள் ஆகியவற்றை அவர்கள் நன்றாகவே கவனித்துக்கொள்வார்கள். நெஞ்சுவலி என்றால் இசிஜி எடுப்பார்கள், பிராணவாயு கொடுப்பார்கள், நிலைமை மோசமாகாமல் பார்த்துக்கொள்ள முயல்வார்கள். ஆனால் அடைபட்ட இதய இரத்தக்குழாயைத் திறப்பது, பக்கவாதத்துக்கு முழுமையான சிகிச்சை அளிப்பது போன்றவற்றுக்கு அடுத்த துறைமுகத்தை அடைய வேண்டும். அதற்குப் பல மணி நேரம் ஆகலாம்.

இன்னொன்றும் உண்டு. அந்த மருத்துவர் உங்களை முன்பின் பார்த்தவர் அல்லர். நீங்கள் வழக்கமாகச் செல்லும் பலதுறை மருந்தகத்தில் உங்கள் பழைய குறிப்புகள் எல்லாம் கணினியில் இருக்கும். கப்பல் மருத்துவரிடம் அவை இல்லை. நீங்களும் உங்களுடன் வந்தவர்களும் சொல்வதும், உங்கள் கைப்பையில் இருப்பதும்தான் அவருக்குக் கிடைக்கும் தகவல். அதனால்தான் பெட்டி கட்டுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது: உங்கள் உடல்நிலையைப் பிள்ளைகளிடம் முழுமையாகச் சொல்லிவிடுவது.

மறைக்காமல் சொல்லுங்கள்

மூத்தோர் பலர் இதைச் செய்வதில்லை. "பிள்ளைகளுக்கு ஏன் வீண் கவலை?" என்று நினைக்கிறார்கள். "சொன்னால் பயணத்தையே நிறுத்திவிடுவார்கள், பேரப்பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள்" என்று அஞ்சுகிறார்கள். தலைச்சுற்றல், இரவில் மூன்று நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுவது, படியில் இறங்கும்போது முட்டி வலி, சிறுநீர் கசிவு ஆகியவை வெளியே சொல்லக் கூச்சமான விஷயங்களும்கூட. அந்தத் தயக்கம் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் அது கடலில் எப்படி ஆபத்தாக முடியும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள்.

நீரிழிவுக்கு இன்சுலின் போட்டுக்கொள்ளும் 70 வயதுத் தாயார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். (இனிப்பு நீர் என்று நம்மில் பலர் சொல்வது இந்த நோயைத்தான்.) சென்ற மாதம் அவருக்கு இரண்டு முறை இரத்தச் சர்க்கரை மிகவும் இறங்கிவிட்டது. சீனி கலந்த தண்ணீரைக் குடித்துச் சரிசெய்துகொண்டார், யாரிடமும் சொல்லவில்லை. கப்பலில் முதல் நாள் மாலை, வழக்கம்போல் ஏழு மணிக்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறார். குடும்பத்துக்கு ஒதுக்கப்பட்ட இரவு உணவு நேரமோ எட்டரை மணி. எட்டு மணி அளவில் அவருக்கு வியர்க்கிறது, கை நடுங்குகிறது, தலை சுற்றுகிறது, பேச்சு குழறுகிறது. கப்பலும் இலேசாக ஆடிக்கொண்டிருக்கிறது. "அம்மாவுக்குக் கடல் ஒத்துக்கல, கொஞ்சம் படுக்கட்டும்," என்று பிள்ளைகள் அவரை அறையில் படுக்கவைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறார்கள்.

அவருக்கு இருந்தது கப்பல் குமட்டல் அன்று. சர்க்கரை இறங்கிய நிலையில் உணவின்றித் தனியாக உறங்கிப்போனால் நினைவிழந்து, உயிருக்கே ஆபத்து ஏற்படலாம். "போன மாசம் எனக்கு ரெண்டு தடவை சர்க்கரை இறங்கிடுச்சும்மா. வியர்த்து, கை நடுங்கினா எனக்குச் சீனித் தண்ணி கொடு," என்று மகளிடம் முன்பே சொல்லியிருந்தால் போதும். சொல்வதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

பயணம் நின்றுவிடுமோ என்ற கவலைக்கும் பதில் உண்டு. உடல்நிலையை முன்கூட்டியே சொன்னால் பெரும்பாலும் பயணம் நிற்பதில்லை, ஏற்பாடுகள்தான் மாறும். மின்தூக்கிக்கு அருகில் அறை கேட்கலாம். சக்கர நாற்காலிக்கு முன்பதிவு செய்யலாம். இரவு உணவை முன்னதாக வைத்துக்கொள்ளலாம். தூக்கத்தில் மூச்சுத் திணறலுக்கு முகமூடிக் கருவி பயன்படுத்துவோர், பிராணவாயு தேவைப்படுவோர், கழுவும் சிகிச்சை பெறும் சிறுநீரக நோயாளிகள் ஆகியோர் கட்டணம் செலுத்துவதற்கு முன்பே கப்பல் நிறுவனத்திடம் கேட்டுவிட வேண்டும். பெரும்பாலான கப்பல்களில் சிறுநீரகக் கழுவும் வசதி கிடையாது.

ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன் மருத்துவரைப் பாருங்கள்

கடைசி வாரத்தில் மருந்தகத்துக்கு ஓடுவதால் பயன் குறைவு. மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருந்தால், புது அளவு உங்களுக்கு ஒத்துப்போகிறதா என்று பார்க்கச் சில வாரங்கள் வேண்டும். தடுப்பூசிக்கும் அப்படித்தான்: சளிக்காய்ச்சல் தடுப்பூசி முழுப் பாதுகாப்பைத் தர ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும். 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குச் சளிக்காய்ச்சல் தடுப்பூசியும் நிமோகாக்கல் தடுப்பூசியும் பரிந்துரைக்கப்படுகின்றன. ஆயிரக்கணக்கானோர் ஒரே உணவுக்கூடத்தில் சாப்பிட்டு, ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்கும் இடம் கப்பல். அங்கே இருமல் எளிதில் பரவும். ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் சேர்ந்துள்ள சிங்கப்பூரர்கள், தங்களுக்குப் பரிந்துரைக்கப்படும் தேசிய அட்டவணைத் தடுப்பூசிகளைப் பதிவுசெய்துகொண்ட மருந்தகத்தில் கட்டணமின்றிப் போட்டுக்கொள்ளலாம்.

மருத்துவரிடம் எங்கே போகிறீர்கள், எத்தனை நாள், யாருடன் என்று சொல்லுங்கள். அண்மையில் மாரடைப்பு, பக்கவாதம், அறுவை சிகிச்சை ஏதேனும் நடந்திருந்தால், "நான் இப்போது போகலாமா?" என்று நேரடியாகக் கேளுங்கள். சற்றுத் தள்ளிப்போடச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். கப்பல் அடுத்த விடுமுறையிலும் போகும்.

இன்னொரு கேள்வியும் மிக முக்கியம், ஆனால் அதைக் கேட்பவர் குறைவு: "வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்து என்னால் சாப்பிட முடியாவிட்டால், எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும்? எதை நிறுத்தக்கூடாது?" நீரிழிவு மாத்திரைகளில் சிலவும் நீர் மாத்திரையும் இரத்த அழுத்த மாத்திரைகளில் சிலவும் உடலில் நீர் வற்றியிருக்கும் நேரத்தில் தீங்கு விளைவிக்கலாம். ஆனால் இன்சுலினைத் தாமாகவே முழுமையாக நிறுத்துவதும் ஆபத்து. பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அதே ஆறு வாரத்தில் கால்களுக்கும் பயிற்சி கொடுக்கலாம். பெரிய கப்பல்களில் சில 300 மீட்டருக்கும் அதிக நீளம் கொண்டவை. அறையிலிருந்து உணவுக்கூடத்துக்குப் போய் வருவதே ஒரு நடைதான். புளோக்கின் கீழ்த்தளத்தில் அன்றாடம் சிறிது நேரம் நடங்கள். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியைக் காலையும் மாலையும் பத்துப் பத்து முறை செய்யுங்கள். தடுமாற்றம் உள்ளவர்கள் சுவரையொட்டி நாற்காலியைப் போட்டு, பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு செய்யலாம். அருகிலுள்ள துடிப்பாக மூப்படையும் நிலையத்தின் உடற்பயிற்சி வகுப்பில் சேர்வது இன்னும் நல்லது.

மருந்துகள் கைப்பையில் இருக்க வேண்டும்

கப்பலில் ஏறும் முறை பலருக்குத் தெரியாது. பெரிய பெட்டிகளை நிலையத்திலேயே ஊழியர்களிடம் கொடுத்துவிடுவோம். அவை உங்கள் அறை வாசலுக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகும்; சில வேளைகளில் இரவாகிவிடும். மருந்துகள் அந்தப் பெட்டிக்குள் இருந்தால் பகல் மாத்திரையும் போச்சு, மாலை இன்சுலினும் போச்சு. ஆகவே எல்லா மருந்துகளும், குளுக்கோமீட்டரும், மூக்குக்கண்ணாடியும், காது கேட்கும் கருவியும் அதன் மின்கலங்களும் உங்கள் தோளில் தொங்கும் பையில் இருக்க வேண்டும்.

எவ்வளவு எடுத்துச் செல்வது? நான்கு நாள் பயணத்துக்கு நான்கு நாள் மாத்திரை போதாது. கப்பல் தாமதமாகலாம். வழியில் யாராவது மருத்துவமனையில் சேர வேண்டியிருந்தால் குடும்பமே ஓரிரு நாள் தங்க நேரிடலாம். குறைந்தது ஒரு வாரத்துக்குரிய மருந்தைக் கூடுதலாக எடுத்துச் செல்வது நல்லது என்பது எங்கள் பரிந்துரை. அதில் ஒரு பங்கைப் பிள்ளையின் கைப்பையில் வைத்துவிடுங்கள். ஒரு பை தொலைந்தாலும் மற்றொன்று இருக்கும்.

வாரப் பெட்டியில் மாத்திரைகளைப் பிரித்து வைப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் உங்கள் பெயரும் மருந்தின் பெயரும் அச்சிட்ட மருந்தகப் பொட்டலங்களையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். குடிநுழைவு, சுங்கச் சோதனையில் கேட்டால் காட்ட அவை உதவும். தூக்க மாத்திரை, கடுமையான வலி நிவாரணி, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றுக்கு நாட்டுக்கு நாடு கட்டுப்பாடு உண்டு. இவற்றையும் ஊசிகளையும் எடுத்துச் செல்வோர் மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். அண்டைவீட்டார் தந்த மாத்திரை, பெயரில்லாத லேகியம், தைலக்கடைச் சூரணம் ஆகியவற்றை எடுத்துச் செல்ல வேண்டாம்.

உங்கள் நோய்கள், அறுவை சிகிச்சைகள், மருந்துகளின் பெயரும் அளவும், ஒவ்வாமை, மருத்துவரின் பெயர், அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் ஆகிய அனைத்தையும் ஒரே தாளில் எழுதுங்கள். கப்பல் மருத்துவர் தமிழ் அறிந்தவராக இருக்கமாட்டார் என்பதால் பேரப்பிள்ளையிடம் சொல்லி ஆங்கிலத்தில் எழுதச் செய்யலாம். பதின்ம வயதுப் பேரப்பிள்ளைக்கு இது நல்ல வேலை. தாத்தாவுக்கு என்னென்ன நோய் என்று அவர்களும் அப்போதுதான் தெரிந்துகொள்வார்கள். ஹெல்த்ஹப் செயலியில் எல்லாம் இருக்கிறதே என்று விட்டுவிட வேண்டாம். நடுக்கடலில் இணையம் கிடைக்காமல் போகலாம். அச்சிட்ட தாள் ஒன்று உங்கள் பையில், இன்னொன்று பிள்ளையின் பையில்.

நீர் மாத்திரை எடுப்போருக்கு ஒரு குறிப்பு. ஊர் சுற்றும் நாளில் கழிப்பறை தேட வேண்டியிருக்குமே என்று அன்றைய நீர் மாத்திரையை விட்டுவிடுவோர் நிறைய. இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு இப்படி இரண்டு நாள் விட்டால் கால் வீங்கி, மூச்சு வாங்கத் தொடங்கலாம். அதற்குப் பதில், நேரத்தை மாற்றி எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அதே காரணத்துக்காகத் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் தவறு. வெயில் நாளில் அது மயக்கத்திலும் சிறுநீர்த் தொற்றிலும் கொண்டுபோய் விடும்.

தாய்லாந்து நேரம் சிங்கப்பூர் நேரத்தைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. புக்கெட் போகும் கப்பலில் கடிகாரத்தை மாற்றச் சொல்லலாம். ஒரு மணி நேர வேறுபாடு பெரும்பாலான மாத்திரைகளுக்குப் பொருட்டன்று. இன்சுலின் போடுவோர் மட்டும் கடிகாரத்தைவிட உணவு நேரத்தைக் கவனிக்க வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்கள்

பயன்பாட்டில் உள்ள இன்சுலின் பேனாவைப் பொதுவாக அறை வெப்பநிலையில் ஏறக்குறைய நான்கு வாரங்கள் வைத்துக்கொள்ளலாம். உங்கள் வகைக்கு எத்தனை நாள் என்று மருந்தாளரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். திறக்காத பேனாக்களுக்குக் குளிர்ச்சி வேண்டும். அறையில் உள்ள சிறு குளிர்பெட்டி எப்போதும் போதிய குளிர்ச்சியுடன் இருக்கும் என்று சொல்ல முடியாது. கப்பல் ஊழியரிடம் மருந்து வைக்கத் தகுந்த குளிர்பெட்டி கேளுங்கள். இன்சுலினை உறையவிடவும் கூடாது, வெயில் படும் மாடத்தில் வைக்கவும் கூடாது. பயன்படுத்திய ஊசிகளைக் குப்பைக்கூடையில் போட்டால் அறையைச் சுத்தம் செய்பவரின் கையில் குத்தும். அதற்கான பெட்டியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தட்டு கண்முன்னால் வந்தபின் இன்சுலின் போடுவதா, அதற்கு முன்பா என்பதை மருத்துவரிடம் பேசி முடிவுசெய்யுங்கள். ஏறும் நாளில் நிலையத்தில் வரிசை நீளலாம். கைப்பையில் பிஸ்கட் இருக்கட்டும். சர்க்கரை 4.0 மிமோல் அளவுக்குக் கீழே இறங்கினால், மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். இன்னும் குறைவாக இருந்தால் மறுபடியும் அதேபோல் செய்ய வேண்டும். சரியானதும் பிஸ்கட்டோ ரொட்டியோ சாப்பிட வேண்டும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. உடனே கப்பலின் அவசர எண்ணை அழைக்க வேண்டும். அறையில் உள்ள தொலைபேசியின் மீதோ அருகிலோ அந்த எண் எழுதியிருக்கும். அறைக்குள் நுழைந்ததும் முதலில் அதைத் தேடிப் பாருங்கள்.

காப்புறுதி

கப்பல் மருத்துவ அறையிலோ, வழியில் ஒரு துறைமுக நகரின் மருத்துவமனையிலோ அவசரமாகப் பெறும் சிகிச்சைக்கு மெடிசேவையோ மெடிஷீல்டு லைஃபையோ நம்பியிருக்க முடியாது. சாஸ் அட்டையும் அங்கே செல்லாது. கப்பல் மருத்துவரைப் பார்க்கும் கட்டணம் உங்கள் அறைக் கணக்கில் சேர்க்கப்படும். பயணக் காப்புறுதி வாங்கும்போது, ஏற்கெனவே உள்ள நோய்களைப் பிள்ளைகள் படிவத்தில் உண்மையாகக் குறிப்பிட வேண்டும். நீங்கள் சொல்லாமல் விட்டதை அவர்களால் எழுத முடியாது. எழுதாத நோயால் வரும் செலவைக் காப்புறுதி நிறுவனம் தர மறுக்கலாம். கப்பலிலிருந்து நோயாளியைக் கரைக்குக் கொண்டுசேர்க்கும் செலவு அதில் அடங்குமா, உங்கள் வயதுக்கு வரம்பு உண்டா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடல் குமட்டல்

மலாக்கா நீரிணை பெரும்பாலும் அமைதியான கடல். டிசம்பர் மாத வடகிழக்குப் பருவக்காற்றின் வேகத்தைத் தீபகற்பம் தடுத்துவிடும். அதே மாதத்தில் தென்சீனக் கடல் பக்கம் போகும் கப்பல் கூடுதலாக ஆடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது புக்கெட்டை ஒட்டிய அந்தமான் கடலில் அலை அதிகம். எந்த விடுமுறையில் எங்கே போவது என்று பிள்ளைகள் கேட்டால் இதைச் சொல்லலாம். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் உள்ள அறைகளில் ஆட்டம் குறைவாகத் தெரியும்.

குமட்டல் மாத்திரைகள் விஷயத்தில் மூத்தோர் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். பேரப்பிள்ளைக்கு வாங்கிய மாத்திரையில் ஒன்றைத் தாமும் போட்டுக்கொள்வது வேண்டாம். இந்த மாத்திரைகளில் பல தூக்கத்தை வரவழைக்கும். ஆடும் கப்பலில் தூக்கக் கலக்கத்தோடு எழுந்து நடந்தால் விழுவீர்கள். புராஸ்டேட் சுரப்பி வீக்கம் உள்ள ஆண்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். சில வகைக் கண்ணழுத்த நோய் உள்ளவர்களுக்கு இவை ஆகாது. காதின் பின்னால் ஒட்டும் பட்டையால் முதியோர் சிலருக்கு மனக்குழப்பம்கூட ஏற்படும். மருந்தாளரிடம் உங்கள் மருந்துப் பட்டியலைக் காட்டி, பொருத்தமானதைக் கேட்டு வாங்குங்கள். இவற்றைக் குமட்டல் வந்தபின் எடுப்பதைவிட முன்கூட்டியே எடுத்தால்தான் பயன்.

மருந்தில்லாத வழிகளும் உண்டு. திறந்த தளத்துக்குச் சென்று, உட்கார்ந்தபடி, கடலும் வானமும் சேரும் கோட்டைப் பாருங்கள். கைத்தொலைபேசியையும் புத்தகத்தையும் மூடிவையுங்கள். வயிற்றைக் காலியாகவும் விடாதீர்கள், முட்டவும் சாப்பிடாதீர்கள். இஞ்சி மிட்டாயோ சுக்குத் தண்ணீரோ சிலருக்கு இதம் தருகிறது. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்போர் மட்டும் அதிகமாக உட்கொள்ளும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

கப்பலுக்குள்

கப்பல் குளியலறையின் வாசற்படி பெரும்பாலும் சற்று உயர்ந்திருக்கும். இரவில் சிறுநீர் கழிக்க எழுந்து, வீடு என்ற நினைப்பில் காலை வைத்து இடறுவோர் உண்டு. மின்கலத்தில் இயங்கும் சிறு இரவு விளக்கு ஒன்று எடுத்துச் செல்லுங்கள். நீட்டிப்பு மின்கம்பி, மின்கெண்டி போன்றவற்றைப் பல கப்பல்களில் அனுமதிப்பதில்லை. பின்புறம் வார் உள்ள, வழுக்காத காலணியே நல்லது. புடவை கட்டுவோர் கணுக்காலுக்கு மேல் நிற்குமாறு சற்று உயர்த்திக் கட்டுங்கள். நீண்ட கொசுவம் ஏணிப்படியில் சிக்கும். கனமான கதவு காற்றில் அறைந்து மூடும்போது விரல் சிக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நடக்கும்போது ஒரு கை கைப்பிடிக் கம்பியில் இருக்கட்டும்.

நடைபாதைகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். அறைக் கதவு பெரும்பாலும் உலோகத்தால் ஆனது என்பதால், பேரப்பிள்ளை செய்த வண்ணப் படம் ஒன்றைக் காந்தத்தால் ஒட்டிவைத்தால் அடையாளம் காண எளிது. முதுமறதி நோய் உள்ளவரை அழைத்துச் செல்வோர் அவரைத் தனியே அறையில் விட்டுச் செல்லக்கூடாது. அறை எண்ணும் பிள்ளையின் பெயரும் எழுதிய அட்டை அவர் கழுத்திலோ சட்டைப்பையிலோ இருக்க வேண்டும். புதிய இடத்தில், குறிப்பாக இரவில், அவருக்குக் குழப்பம் கூடும்.

அவசரக் கூடுமிடப் பயிற்சியைக் களைப்பு என்று தவிர்க்க வேண்டாம். ஏழு குறுகிய ஒலிகளும் அவற்றைத் தொடர்ந்து ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் எங்கே கூட வேண்டும் என்று அதில் காட்டுவார்கள். அவசர நேரத்தில் மின்தூக்கியைப் பயன்படுத்த முடியாது. படியேற முடியாதவர்கள் அன்றே ஊழியரிடம் பெயரைப் பதிவுசெய்தால், உதவிக்கு ஆள் ஏற்பாடு செய்வார்கள்.

கைகழுவுதல் சிறிய விஷயமாகத் தோன்றலாம். கப்பல்களில் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் பரப்பும் நோரோ கிருமியைக் கைச் சுத்திகரிப்புத் திரவம் சரியாக அழிப்பதில்லை. சவர்க்காரமும் தண்ணீரும்தான் வேண்டும்: சாப்பிடுமுன், கழிப்பறை சென்றபின், பேரப்பிள்ளையின் உடையை மாற்றியபின். யாருக்காவது வாந்தி கண்டால் மறைக்காமல் மருத்துவ அறைக்குத் தெரிவியுங்கள். நின்றபின்னும் குறைந்தது 48 மணி நேரம் மற்றவர்களின் உணவைத் தொடாமல் இருக்க வேண்டும்.

உணவைப் பொறுத்தவரை, சைவ உணவும் இந்திய உணவும் வேண்டுமென்றால் பதிவின்போதே சொல்ல வேண்டும். வீட்டில் சமைத்ததைப் பல கப்பல்களில் ஏற்றவிடுவதில்லை. உணவுக்கூடத்தில் முதலில் தட்டில்லாமல் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, என்ன இருக்கிறதென்று பார்த்துவிட்டு எடுங்கள். குழம்பு, சூப், ஊறுகாய், பதப்படுத்திய இறைச்சி ஆகியவற்றில் உப்பு அதிகம். ஒருவேளை கூடச் சாப்பிட்டுவிட்டால் மறுவேளை குறைத்துக்கொள்ளலாம். மாத்திரையை இரட்டிப்பாக்க வேண்டாம்.

பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும்போது

"அப்பா, கொஞ்ச நேரம் பிள்ளைங்களைப் பார்த்துக்கிறீங்களா?" என்று மகன் கேட்டால் மறுக்க மனம் வராது. ஆனால் எதற்கு ஒப்புக்கொள்கிறீர்கள் என்று யோசியுங்கள். எல்லாக் கப்பல் நீச்சல் குளங்களிலும் உயிர்காப்பாளர் இருப்பார் என்று எண்ணிவிட வேண்டாம். ஓடும் நான்கு வயதுக் குழந்தையைத் துரத்திப் பிடிக்க உங்கள் முட்டி இடம் கொடுக்காது என்றால், "அறையில் கதை சொல்றேன், குளத்துக்கு நீங்க யாராவது வாங்க," என்று சொல்லிவிடுங்கள். மாடம் உள்ள அறையில் கம்பியருகே நாற்காலி, முக்காலி எதையும் விடக்கூடாது. உங்கள் மாத்திரைகள் குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். சிறிய அறையில் மேசைமேல் வைத்த வண்ண மாத்திரை குழந்தைக்கு மிட்டாய்போலத் தெரியும்.

கரையிறங்கும் நாள்

பினாங்கில் கப்பல் சுவெட்டன்ஹாம் துறையில் நிற்கும். அங்கிருந்து ஜார்ஜ் டவுனின் குட்டி இந்தியாவும் குவீன் தெருவில் உள்ள ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலும் தொலைவில் இல்லை. ஆனால் நண்பகல் வெயில் கடுமை. கடைகளின் முன்னுள்ள ஐந்தடி நடைபாதைகள் கடைக்குக் கடை ஏற்றத்தாழ்வாக இருக்கும். காலையிலேயே இறங்கி, பதினோரு மணிக்குள் சுற்றிவிட்டுத் திரும்புவது நல்லது. கோயிலில் வெறுங்காலுடன் நடக்கும்போது, காலில் உணர்ச்சி குறைந்த நீரிழிவு நோயாளிகள் சுடும் கல்லை உணரமாட்டார்கள். நிழலில் நடங்கள், அறைக்குத் திரும்பியதும் பாதங்களைப் பாருங்கள், அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

புக்கெட் போன்ற இடங்களில் கப்பல் கரையை ஒட்டி நிற்காமல் கடலில் நங்கூரமிட்டு, பயணிகளைச் சிறு படகில் ஏற்றிச் செல்வதுண்டு. ஆடும் படகுக்குக் காலெடுத்து வைப்பது எளிதன்று. அன்றைக்கு முட்டி வலித்தாலோ, தலை சுற்றினாலோ கப்பலிலேயே இருந்துவிடுங்கள். பெரும்பாலானோர் இறங்கிவிட்டபின் கப்பல் அமைதியாக இருக்கும். உணவுக்கூடத்தில் வரிசையும் இருக்காது.

வீடு திரும்பியபின் ஒரு வாரத்துக்குள் காய்ச்சல், விடாத இருமல், வயிற்றுப்போக்கு, ஒரு காலில் மட்டும் வீக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் மருந்தகத்தில் கப்பலில் போய்வந்ததைச் சொல்லுங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் காத்திராமல் 995ஐ அழையுங்கள். கப்பல் மருத்துவர் ஏதேனும் மருந்து கொடுத்திருந்தால் அதன் பொட்டலத்தையும் அவர் எழுதிய குறிப்பையும் எறிந்துவிடாமல், அடுத்த முறை குடும்ப மருத்துவரைப் பார்க்கும்போது எடுத்துச் செல்லுங்கள்.